ஜான் நியூட்டன் பெற்ற இரக்கம்

இறைவனுடைய இரக்கம் ஒரு மனிதனை ஆட்கொள்ளும் வகையைப் பற்றிப் பேசுவோர் பலரும், அஃது இரும்பை ஒரு நொடியிற் பொன்னாக்கும் இரசவாதம் போன்றது என்பர். பெரியோர் சரித்திரங்களை ஊன்றிக் கற்பார்க்கு உண்மை வேறாகத் தோன்றும். இரக்கம் முந்தி வருகின்றது. அதற்கேற்ற நடையோ பல்லாண்டு பிந்தி வருகின்றது. இதனை விளக்குதற்கு இங்கிலாந்து தேசத்துக் கிறிஸ்தவ குருவாகிய ஜான் நியூட்டனின் வாழ்க்கை சாலச் சிறந்தது. ஆதலின் அதனை இத்திங்கள் நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைக்கத் துணிந்தோம்.

நியூட்டன் 1725-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24-ஆம் தேதி இலண்டன் நகரிற் பிறந்தார். தந்தையார் கப்பல் தலைவர். தாயாரோ பக்தி மிக்கவர். தம் ஒரே மகனுக்கு வேத வசனங்களையும் ஞானப்பாட்டுகளையும் இளமையிலேயே பாடம் செய்வித்தார். மகனுக்கு ஏழு வயது நிரம்புமுன் அவ்வம்மையார் காசநோயால் உயிர் நீத்தார். பதினோராம் வயதில் தந்தையாரோடு கடலேறிய நியூட்டன், நாளடைவில் தாய் கற்பித்தவற்றைக் கைவிட்டார்; அதனோடு நில்லாது பக்தியுடையாரைப் பரிகசித்தார்; மாலுமிகளும் கூசும்படி நிந்தை மொழிகள் பேசினார். 1744-இல் அவரை வலிந்து பிடித்துப் போர்க்கப்பலிற் சேர்த்தனர். அதினின்று தப்பியோடிப் பிடிபட்டுக் கசையடி உண்டு, பெற்றிருந்த பதவியையும் இழந்தார். பின்னர் அடிமை வாணிகஞ் செய்யும் கப்பலொன்றுக்கு மாறி, ஆப்பிரிக்காவின் மேற்குக்கரையில் சியரா லியோன் பக்கத்தை அடைந்தார்.

அங்கே அடிமை விற்கும் வெள்ளைக்கார வணிகன் ஒருவனிடம் பணிக்கு அமர்ந்தார். கடுஞ்சுரத்தால் அவர் வீழ்ந்து கிடந்தபோது, அவ்வணிகனோடு வாழ்ந்த அந்நாட்டு மாது அவரைப் புறக்கணித்தாள். குடிக்கத் தண்ணீர் கிடைப்பதும் அரிதாயிற்று. பசி தாங்காது இரவிற் சென்று பச்சைக் கிழங்குகளைப் பிடுங்கித் தின்றார். அந்நாளில் அவர்மீது இரங்கியவர் யாவர்? விலங்கு பூட்டப்பட்டு விலைக்குக் காத்திருந்த அடிமைகள். தமக்குக் கிடைத்த சிற்றுணவிலும் ஒரு பங்கை ஒருவரும் அறியாமல் அவருக்குக் கொணர்ந்து கொடுத்தார்கள். இச்செய்தியைப் பிற்காலத்தில் நியூட்டனே எழுதி வைத்தார். நம் வாசகர் இதனை நெஞ்சில் இருத்துக. இச்சரித்திரத்தின் உயிர்நிலை இதுவே.

தந்தையாரின் வேண்டுகோட்படி, கிரேஹவுண்டு என்னும் கப்பலின் தலைவர் அவரைத் தேடிக் கண்டு ஏற்றிக்கொண்டார். 1748-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அட்லாண்டிக் பெருங்கடலில் ஓரிரவு கொடும்புயல் மூண்டது. கப்பலின் பக்கம் உடைந்து நீர் புகுந்தது. மேற்றளத்திற்கு ஏறச் சென்ற நியூட்டனைக் கப்பல் தலைவர் ஒரு கத்தி கொணரும்படி திருப்பியனுப்ப, அவருக்குப் பதிலாக ஏறியவனை அலை வாரிக்கொண்டு போயிற்று. ஏற்றியிருந்த சரக்கில் தேன்மெழுகும் மரமும் மிகுதியாக இருந்தமையின் கப்பல் மூழ்காது மிதந்தது. நெடுநேரம் நீர் இறைத்துக் களைத்தார். அப்பொழுது ஆண்டவரின் இரக்கத்தை வேண்டும் சொல் ஒன்று அவர் வாயினின்று தானே எழுந்தது. தம்மைப்போன்ற பாவிக்கு என்ன இரக்கம் உண்டு என்று அவர் நெஞ்சு உடனே நடுங்கிற்று. ஏறத்தாழ நான்கு வாரம் கழித்து, உணவெல்லாம் தீர்ந்த நிலையில், கப்பல் அயர்லாந்துக் கரையை அடைந்தது. அப்புயல் நாளை அவர் ஆயுள் முழுதும் ஆண்டுதோறும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

இவ்வளவில் நிறுத்தினால் கேட்பார்க்கு இனிதாகும், உண்மைக்கோ குறைவாகும். மனந்திரும்பிய நியூட்டன் அடிமை வாணிகத்தை விட்டாரல்லர். 1750-இல் தாம் நெடுநாள் காதலித்த மேரி என்னும் நங்கையை மணந்தார். அவ்வாண்டு முதல் 1754 வரை அடிமைக் கப்பல்களுக்குத் தலைவராகி மூன்று முறை சென்று வந்தார். மேற்றளத்தில் ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி ஜெபம் நடத்துவார். கீழ்த்தளத்தில் ஆணும் பெண்ணும் விலங்கோடு நெருங்கிக் கிடப்பர். கலகம் செய்யக் கருதினாரென ஐயுற்றவரை விரல் நெரிக்கும் கருவியில் இடவும் செய்தார். தமக்கு உணவளித்த கைகளைப் போன்ற கைகளுக்கே விலங்கு பூட்டுகின்றோம் என்பது அவர் அறிவுக்கு எட்டவில்லை. அவர் நாட்டில் அவ்வாணிகம் சட்டத்துக்கு உட்பட்டது. கௌரவமானவர் பலர் செய்தது. வழக்கம் என்னும் திரை கண்ணை மறைத்தது.

1754-இல் திடீரென வந்த நோயினால் கடற்பயணத்தை விட்டார், மனச்சான்றினால் அன்று. லிவர்ப்பூல் துறைமுகத்திற் சுங்க அதிகாரியாய் இருந்துகொண்டு கிரேக்கம், எபிரேயம் கற்று, 1764-இல் ஒல்னி என்னும் சிற்றூருக்குக் குருவானார். பின்னல் வேலையால் வயிறு வளர்க்கும் ஏழைகள் நிறைந்த ஊர் அது. அங்கே கூப்பர் என்னும் கவிஞரோடு நட்புற்று இருவரும் இயற்றிய ஞானப்பாட்டுகள் 1779-இல் நூலாக வெளிவந்தன. அமேசிங் கிரேஸ் என இன்று உலகெங்கும் பாடப்படுவது அவற்றுள் நியூட்டன் பாடியதே.

1780-இல் இலண்டன் நகரத் திருச்சபை ஒன்றுக்கு மாறினார். 1785-இல் வில்பர்போர்ஸ் என்னும் இளம் பார்லிமெண்டு அங்கத்தினர், அரசியலைத் துறக்கலாமோ என்னும் மனக்கலக்கத்தோடு அவரை நாடி வந்தார். நியூட்டன் அவரை அப்பணியிலேயே நிலைத்து நிற்கும்படி தூண்டினார். பின்னர் அடிமை வாணிகத்தை ஒழிக்கும் முயற்சிக்கு வில்பர்போர்ஸே பார்லிமெண்டில் தலைவரானார். 1788-இல் நியூட்டன், தாம் செய்த அடிமை வாணிகத்தின் கொடுமைகளை ஒளிவின்றி நூலாக வெளியிட்டார். தம் குற்றத்தையும் அதிலே அறிக்கையிட்டார். விசாரணைக் குழுவினர் முன்னும் சாட்சி பகர்ந்தார். கடலை விட்டு முப்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர் வாய் திறந்தது. 1807 மார்ச்சு 25-இல் அவ்வாணிகத்தை விலக்கும் சட்டம் நிறைவேறிற்று. அதே ஆண்டு டிசம்பர் 21-இல், கண்ணொளி மங்கிய முதுமையில், அவர் இறைவனடி சேர்ந்தார். தம் கல்லறைக்கென அவரே எழுதிவைத்த வாசகத்தில், தம்மை ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியனாயிருந்தவன் என்று குறித்திருந்தார்.

இச்சரித்திரத்தால் நாம் அறிவது யாது? கடவுள் அவரை நல்லவராக்கிய பின் இரங்கினாரல்லர். அவர் குருடராய் இருந்தபோதே இரங்கி, கண் திறக்குங்காறும் நெடுங்காலம் பொறுத்திருந்தார். ஆயின் அப்பொறுமைக் காலத்தில் விலங்கிற் கிடந்தோர் பட்ட துயரை யார் ஈடு செய்ய வல்லார்? நியூட்டனும் அதனை மறந்தாரல்லர். நாமும் கோயிலிலும் குடும்பத்திலும் பக்தியுடையோம். முன்னோர் வழக்கம் என்னும் பெயரால் யாரை நம் திண்ணைக்குக் கீழே நிறுத்தினோம், யார் கையால் நீர் வாங்க மறுத்தோம் என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சை வினவுதல் நன்று. நம் பசியறிந்து உணவிட்ட கை அவருள் ஒருவருடையதாகவும் இருந்திருக்கலாம். இரக்கம் பெற்றோம் என்பார் அதற்கு ஏற்ப நடக்க முப்பத்து நான்கு ஆண்டு காத்திருத்தல் வேண்டா. நெடும்பொறுமையுடைய இறைவன் நம் கண்களை விரைந்து திறப்பானாக.