435 மெகா... ஹெர்ட்ஸ்!

குட்டீஸ், வாக்கி-டாக்கி பார்த்திருப்பீர்கள். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் போலீஸ்காரர் கையில் கரகரவென்று பேசுமே, அதுதான்! அரசு உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ‘ஹாம்’ அன்பர்களிடமும் இது உண்டு. அவர்களது கருவிகள் பலவற்றில் போனில் இருப்பது போல எண் பொத்தான்கள் இருக்கும். 4, 3, 5, 0, 0, 0 என்று வரிசையாக அழுத்தினால், குட்டித் திரையில் 435.000 என்று தெரியும். அதாவது 435 மெகாஹெர்ட்ஸ். நண்பரும் அதே எண்ணை வைத்திருந்தால்தான் பேச்சு கேட்கும். அடிக்கடி தேவைப்படும் எண்களை சேனல் 1, சேனல் 2 என்று சேமித்தும் வைக்கலாம்.

அதென்ன ‘ஹெர்ட்ஸ்’? 36 வயதிலேயே இறந்துபோன ஒரு ஜெர்மன் பேராசிரியரின் பெயர் அது.

ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் 1857-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி ஹாம்பர்க் நகரில் பிறந்தார். அப்பா வழக்கறிஞர். சிறுவன் ஹைன்ரிச் அரபு மொழி கற்றான். தச்சு வேலையும் லேத் வேலையும் பழகினான். படிக்கிற பையனுக்கு இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? பொறுங்கள், பின்னால் கை கொடுக்கும்.

பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற மேதையிடம் படித்து, 1880-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அறிஞர்கள் முன் ஒரு புதிர் இருந்தது. மின்காந்த அலைகள் உண்டு என்று மாக்ஸ்வெல் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். ஆனால் அதைச் செய்து காட்டியவர் யாரும் இல்லை. மாக்ஸ்வெல்லும் 1879-இல் இறந்துவிட்டார். நீ முயன்று பாரேன் என்று ஆசிரியர் தூண்டியும், முடியாத காரியம் என்று ஹெர்ட்ஸ் முதலில் விட்டுவிட்டார்.

1885-இல் கார்ல்ஸ்ரூ நகரில் பேராசிரியரானார். மறுவருடம் அந்தப் புதிரைக் கையில் எடுத்தார். சிறு இடைவெளி விட்ட இரண்டு உலோகக் கம்பிகளில் உயர் மின்னழுத்தம் கொடுத்தார். இடைவெளியில் தீப்பொறி பறந்தது. சற்றுத் தள்ளி, எதனோடும் இணைக்காத ஒரு கம்பி வளையம். அதிலும் ஒரு நூலிழை இடைவெளி. அறையை இருட்டாக்கிவிட்டு அதையே உற்றுப் பார்த்தார். அங்கேயும் மினுக்கென்று ஒரு பொறி! ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். நடுவில் கம்பியே இல்லை. அலைதான் தாவி வந்திருந்தது!

அவரிடம் ஏது பொத்தான்? கம்பியின் அளவுதான் அலையின் எண்ணைத் தீர்மானிக்கும். நீளம் கூடினால் அதிர்வு குறையும். நீளம் குறைந்தால் அதிர்வு கூடும். இரண்டும் ஒத்துப்போகும் வரை வளையத்தின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தார். தச்சுப் பட்டறைப் பழக்கம் இங்கேதான் உதவியது. வளைந்த உலோகக் கண்ணாடியால் அலையைத் திருப்பினார். கெட்டித் தாரில் ஒன்றரை மீட்டர் உயர முப்பட்டகம் வார்த்து, ஒளியைப் போல அதை வளைத்தும் காட்டினார். 1888-இல் அவர் எழுப்பிய ஓர் அலையின் நீளம் சுமார் 66 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால், நொடிக்கு ஏறக்குறைய 45 கோடி அதிர்வு. அதாவது 450 மெகாஹெர்ட்ஸ்! நம் திரையில் தெரிந்த 435-க்குப் பக்கத்து வீடுதான், இல்லையா?

இதை வைத்துப் பேச முடியுமா என்று 1889-இல் ஒரு பொறியாளர் கடிதம் எழுதிக் கேட்டார். முடியாது என்று பதில் போட்டார் ஹெர்ட்ஸ். குரலின் அதிர்வு மிக மெதுவானது. அந்த அலையின் நீளம் பல நூறு கிலோமீட்டர் இருக்கும். அதைத் திருப்ப ஒரு கண்டம் அளவுக்குக் கண்ணாடி வேண்டும் என்று நினைத்தார். கணக்கு சரிதான். ஆனால் வேகமான அலையின் முதுகில் குரலை ஏற்றி அனுப்பலாம் என்பது பின்னால் வந்தவர்கள் கண்ட வழி.

அதைப் பார்க்க அவர் இல்லை. 1892-இல் நோய் பிடித்தது. பல அறுவைச் சிகிச்சைகள் செய்தும் பயனில்லை. 1894 புத்தாண்டு தினத்தன்று பான் நகரில் இறந்தார். மூத்த மகளுக்கு 6 வயது. இளையவளுக்கு 3 கூட நிரம்பவில்லை. அதே வருடம் இத்தாலியில் மார்க்கோனி என்ற 20 வயது இளைஞர் ஹெர்ட்ஸின் சோதனைகளைப் பற்றிப் படித்தார். 1901-இல் அவரது கம்பியில்லாத் தந்தி அட்லாண்டிக் கடலையே தாண்டிவிட்டது.

1930-இல் அதிர்வெண்ணின் அலகுக்கு ஹெர்ட்ஸ் என்று பெயர் சூட்டினார்கள். சில வருடங்களிலேயே, ஹெர்ட்ஸின் தந்தை வழி யூத வம்சம் என்பதால், ஹிட்லர் ஆட்சிக்கு அஞ்சி அவர் மனைவியும் இரு மகள்களும் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள்.