பொங்கும் மாத்திரையும் ஷீலேயும்

நீரிலிட்ட மாத்திரை நுரைத்துப் பொங்குதலை நீவிர் கண்டிருப்பீர். உலர்ந்த அமிலமும் சோடா உப்பும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றன. நீர் பட்டவுடன் அவை கரைந்து கலக்க, கரியமில வாயு வெளிப்படுகின்றது. இத்தகைய மாத்திரைகளுக்கு உதவும் அமிலங்கள் இரண்டனைத் தூய நிலையிற் பிரித்தெடுத்தவர் சுவீடன் நாட்டு மருந்தாளர் கார்ல் வில்லெம் ஷீலே ஆவார்.

1742-இல் பிறந்த இவர், 14ஆம் அகவையில் மருந்துக்கடையிற் பயிலப் புகுந்தார், பல்கலைக்கழகத்திற் பயின்றாரல்லர். திராட்சை மது முதிரும் பீப்பாய்களிற் படியும் அமில உப்பைச் சுண்ணத்தூளோடு சேர்த்துக் காய்ச்சி, பின்னர்க் கந்தகத் திராவகத்தால் டார்டாரிக் அமிலத்தைப் பிரித்தார். 1784-இல் எலுமிச்சைச் சாற்றினின்று சிட்ரிக் அமிலத்தைப் படிகமாக்கினார். ஆக்கிய பொருளையெல்லாம் நாவாற் சுவைத்தறிதல் அவர் வழக்கம். என்னே அவர்தம் துணிவு! அந்நஞ்சுகளே அவருடலை நலித்தன என்பர். 1786-இல் நோய் முற்றியபோது, கடையின் முன்னை உரிமையாளருடைய கைம்பெண்ணை மணந்து, அக்கடை அவர்க்கே சேருமாறு செய்தார். சில நாளில், 43ஆம் அகவையில், கண்மூடினார்.