காற்றின் திசையறிந்த கார்பெட்

மானை நெருங்குவது லேசான காரியமல்ல. நம் பக்கமிருந்து காற்று வீசினால் போதும், மனித வாடை பட்டதும் ஓட்டம் பிடித்துவிடும். அத்தர் பூசிக்கொண்டு போகிறவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்! எதிர்க்காற்றில் நடக்க வேண்டும்.

இதைச் சிறு வயதிலேயே கற்றவர் ஜிம் கார்பெட். 1875-ல் இமயமலைச் சாரலிலுள்ள நைனிதாலில் பிறந்தார். அவ்வூர்த் தபால் அதிகாரியான தந்தை, ஜிம் சிறு பிள்ளையாக இருக்கும்போதே காலமானார். குளிர்காலத்தைக் குடும்பம் காலாதுங்கியில் கழிக்கும். அங்கிருந்த காடுதான் அவருக்கு உண்மையான பள்ளிக்கூடம். பிறகு கங்கைக் கரையில், மொகாமா காட் துறையில், இருபது ஆண்டுகளுக்கு மேல் ரயில்வே சரக்கு மாற்றும் வேலை.

1907-ல் சம்பாவத்தில் ஒரு பெண் புலியைச் சுட்டார். அது 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. மான் வேட்டையில் கற்ற காற்றுப் பாடம் ஆட்கொல்லிகளிடம் அவர் உயிரையே காத்தது. எப்படி?

மனிதனுக்கு மோப்ப சக்தி கிடையாது என்பது புலிக்குத் தெரியாது என்று அவர் கண்டுகொண்டார். மனிதனையும் மானைப் போலவே எண்ணி, தன் வாடை எட்டாத பக்கமாகத்தான் அது பதுங்கி வரும். எதிர்க்காற்றில் நேரே நடந்தால் ஆபத்து முதுகுக்குப் பின்னால்தான். ஆகவே அவர் நேரே போகமாட்டார். காற்றுக்குக் குறுக்காக, ஒருமுறை இடப்புறம், மறுமுறை வலப்புறம் என்று வளைந்து வளைந்து போவார். ஆபத்து பக்கவாட்டிலேயே இருக்கும், கண்ணுக்கும் தப்பாது.

பிற்காலத்தில் புலிகளைப் படம் பிடிப்பதில்தான் அவருக்கு ஆசை அதிகம். 1947-ல் தமக்கை மேகியுடன் கென்யாவில் குடியேறி, 1955-ல் அங்கேயே காலமானார். 1957-ல் குமாவுன் பகுதியின் தேசியப் பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.