மருந்துச்சாலையும் சுயராஜ்யமும்

ராஜாஜி என்றதும் நம்மில் பெரும்பாலோருக்குக் கவர்னர் ஜெனரல் பதவியே நினைவுக்கு வருகிறது. பதவி ஏதுமின்றிப் புதுப்பாளையத்துக் குடிசையில் அவர் கழித்த ஆண்டுகளை நினைப்போர் சிலரே. தேசத்தொண்டில் ஈடுபட்டோருக்கு அந்த ஆண்டுகளே அதிகப் பயன் தரும் என்பது நமது அபிப்பிராயம்.

1878 டிசம்பர் 10-ந் தேதி, அந்நாளைய சேலம் ஜில்லாவில் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் அவர் பிறந்தார். 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கி, விரைவிலேயே பேரும் பொருளும் ஈட்டினார். 1917-ல் நகரசபைத் தலைவரானார். அக்கிரகாரத்துக்குக் குழாய்த் தண்ணீர் திறந்துவிடும் வேலைக்கு, தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட வகுப்பினர் ஒருவரை நியமித்தார். கூச்சல் எழுந்தது; அவர் அசையவில்லை. 1920-ல் மகாத்மாவின் அழைப்பை ஏற்று வக்கீல் தொழிலை உதறினார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறை புகுந்தார்.

சிறையினின்று மீண்டவர் மேடைப் பிரசங்கங்களோடு நின்றிருக்கலாம். அவரோ தம் பிள்ளைகளுடன் கிராமத்துக்குக் குடியேறினார். திருச்செங்கோடு தாலூகா புதுப்பாளையத்தில் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர் நிலம் அளித்தார். 1925 பிப்ரவரி 6-ந் தேதி அங்கே காந்தி ஆசிரமம் தோன்றியது. அதைத் திறந்து வைத்தவர் ஈ.வெ. ராமசாமி என்பதை இன்றைய வாசகர்கள் கவனிக்க வேண்டும். பின்னாளில் எதிரெதிர்த் திசை சென்ற இருவரை ஏழைகளின் தொண்டு அன்று ஓரிடத்தில் நிறுத்தியது.

அது மானாவாரிச் சீமை. மழை பொய்த்தால் சோளமும் கம்பும் கருகும், கிணறுகள் வற்றும், அடிமட்டத்துக் கலங்கல் நீரைக் குடித்து ஜனங்கள் நோயில் விழுவர். டாக்டரோ தொலைவில், பட்டணத்தில் இருந்தார். வண்டிக்கூலிக்கே வழியற்ற குடியானவன் அவரை நாடுவது எங்ஙனம்? ஆசிரமம் மருந்துச்சாலை ஒன்றை நடத்தி இலவசமாக வைத்தியம் செய்தது. சாதி பேதம் அங்கே கிடையாது. எந்த நோயாளியையும் கையால் தொட்டே சிகிச்சை செய்தாக வேண்டும். தீண்டாமைக்கு அதைவிட நேரான விடை வேறில்லை.

ஆனால் பசித்த வயிற்றுக்கு மருந்து மட்டும் போதாது. ஆகவே ஆசிரமம் கிராமத்துப் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்தது. நூற்ற நூலை வாங்கிக் கூலி கொடுத்தது. வறட்சி ஆண்டுகளில் அந்தக் கூலியே பல வீடுகளில் அடுப்பு எரியச் செய்தது. அந்தக் கூலியும் கள்ளுக்கடைக்குப் போனால் என்ன பயன்? 1929-ல் மதுவிலக்குக்கென்றே விமோசனம் என்னும் பத்திரிகையை ஆரம்பித்தார். கல்கி அதில் அவருக்குத் துணையாக இருந்தார். 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானதும், அவ்வாண்டு அக்டோபர் 1-ந் தேதி முதன்முதலாகச் சேலம் ஜில்லாவிலேயே மதுவிலக்கை அமல் செய்தார். வேதாரணிய யாத்திரையில் அவருடன் உழைத்த டாக்டர் தி.சே.சௌ. ராஜன் சுகாதார மந்திரியானார்.

அவருடைய செய்கைகள் எல்லாவற்றையும் நாம் ஆதரிப்பவர்கள் அல்ல. 1938-ன் கட்டாய இந்தியையும் 1953-ன் கல்வித் திட்டத்தையும் தமிழ்நாடு எதிர்த்தது. எதிர்த்ததற்குக் காரணமும் இருந்தது. கிராமத்தை நேரில் அறிந்தவரும் ஜனங்களின் மனத்தை அறியாமல் தவறலாம் என்பதற்கு அவையே அத்தாட்சி. எனினும் அத்தவறுகள் புதுப்பாளையத்து உழைப்பை அழித்துவிடா.

1972 டிசம்பர் 25-ந் தேதி அவர் மறைந்தார். ஆறாண்டுகள் கழித்து, 1978-ல், அல்மா அட்டா நகரில் கூடிய உலக நாடுகள் ஓர் உண்மையைப் பிரகடனம் செய்தன. நல்ல தண்ணீர், போதிய உணவு, ஜனங்கள் வசிக்கும் இடத்திலேயே வைத்தியம் ஆகிய இவையின்றி ஆரோக்கியம் இல்லை என்பதே அது. திருச்செங்கோட்டுச் சீமையின் வறண்ட காட்டில் ஆசிரமவாசிகள் அதை அரை நூற்றாண்டுக்கு முன்பே நடத்திக் காட்டினர்.

புதுப்பாளையம் இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது, ஆசிரமமும் இருக்கிறது. மருந்துப் பை சுமந்து வீடு வீடாகச் செல்லும் பெண் ஊழியர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பைத் தர்மம் என்று புகழ்ந்துவிட்டுக் கூலியில் குறைப்பது நியாயமல்ல. வறட்சியும் வெள்ளமும் வரும்போது அவர்களே முதலில் வந்து நிற்கிறார்கள். மேடையில் முழங்கும் தோழர்கள் எத்தனை பேர் அவர்களுடன் நிற்கிறோம்? ஊழியரின் இடம் ஜனங்களின் நடுவே என்பதே ராஜாஜியின் புதுப்பாளைய வாழ்க்கை நமக்கு விட்டுச் சென்ற பாடம்.