பெல்மேன் வச்ச பேர்

பிளேஸ்மென்ட் டெஸ்ட்ல டைனமிக் புரோகிராமிங் கேள்வி வந்தா நம்மில் பாதிப் பேர் அதை அப்படியே விட்டுட்டு வந்துடுவோம். பேரே பயமுறுத்தும். அந்தப் பேரை வச்சவர் ரிச்சர்ட் பெல்மேன்.

1920-ல் நியூயார்க்கில் பிறந்தார். புரூக்ளின் கல்லூரியில் கணிதம் படித்தார். போர்க்காலத்தில் லாஸ் அலமோஸில் வேலை, 1946-ல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம். பிறகு ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர். அங்கேயே தூய கணிதத்தில் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனா 1952-ல் அதை விட்டுட்டு ராண்ட் நிறுவனத்துக்குப் போனார். அதற்குப் பணம் கொடுத்தது அமெரிக்க விமானப்படை.

பல கட்டமாக எடுக்க வேண்டிய முடிவுகளில் எது சிறந்ததுன்னு கண்டுபிடிப்பதுதான் அவர் ஆராய்ச்சி. அப்போதைய பாதுகாப்பு அமைச்சருக்கு ஆராய்ச்சிங்கிற சொல்லே பிடிக்காதாம். அதனால கணிதம்னு தெரியாத மாதிரி ஒரு பேரைத் தேடிப் பிடித்ததாக சுயசரிதையில் எழுதியிருக்கார். புரோகிராமிங்னா அன்னைக்கு கோடிங் இல்ல, திட்டமிடல். 1957-ல் அதே பேரில் புத்தகமும் வந்தது.

அவர் வழியை நம்ம கணக்கு ஒண்ணுல பார்ப்போம். ஏ, பி ரெண்டு எழுத்து மட்டும்; ரெண்டு பி பக்கத்துல பக்கத்துல வரக்கூடாது. 40 எழுத்துல எத்தனை ஸ்ட்ரிங்? ஒவ்வொண்ணா எழுதிப் பார்த்தா ஒரு லட்சம் கோடிக்கு மேல போகும். கடைசி எழுத்தை மட்டும் பாருங்க. அது ஏ-ன்னா, முன்னாடி 39 எழுத்துக்கான விடை. பி-ன்னா அதுக்கு முன்னாடி ஏ-தான் வரணும். மிச்சம் 38-க்கான விடை. ரெண்டையும் கூட்டினா போதும். 2, 3, 5, 8, 13-ன்னு எழுதி வச்சுக்கிட்டே போனா 38 கூட்டல்ல முடிஞ்சிடும். பெரிய கேள்வியைச் சின்னதாக்கு, கண்டுபிடிச்சதைத் தூக்கிப் போடாதே. அவ்வளவுதான்.

1965-ல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கணிதம், மின்பொறியியல், மருத்துவம் மூன்றுக்கும் பேராசிரியரானார். 1973-ல் மூளையில் கட்டி. அறுவை சிகிச்சையில் உயிர் பிழைத்தது, உடம்பு முடங்கியது. கட்டுரைகள் மட்டும் நிற்கல. 1979-ல் ஐஇஇஇ-யின் மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது. 1984-ல் இறந்தார், சுயசரிதை வெளிவந்ததும் அதே வருஷம்தான்.

அடுத்த டெஸ்ட்ல அந்தக் கேள்வி வந்தா, விட்டுட்டுப் போறதுக்கு முன்னாடி நீளம் 1-க்கும் 2-க்கும் விடையை மட்டும் எழுதிப் பாருங்க.