உச்சிக்கல்லாக்கப்பட்ட பேராசிரியர்

கல்லால் கட்டிய வளைவு ஒன்றை உற்று நோக்குங்கள். ஆப்பு வடிவக் கற்கள் இருபுறமிருந்தும் ஏறி வந்து உச்சியில் கூடுகின்றன. அங்கே இறுதியாக வைக்கப்படுவதே உச்சிக்கல். ஆங்கிலத்தில் இதனைக் 'கீஸ்டோன்' என்பர். சாவிக்கல் என்பது அதன் பொருள். அது பொருந்தியதும் மரச்சாரத்தை எடுத்துவிடலாம். வளைவு தானே நிற்கும். ஃப்ரீமேசன் சங்கத்தாரில் ஒரு பிரிவினர் இக்கல்லைத் தம் சடங்குச் சின்னமாகக் கொண்டனர்.

சதியைத் தேடித் திரிவோர் கையில் இச்சின்னம் வேறு பொருள் பெற்றது. உலக நிகழ்ச்சிகள் யாவும் ஒரே வளைவு. அதைப் பூட்டி நிற்கும் மறைவான கல் ஒன்று உண்டு. அதைக் கண்டுவிட்டால் எல்லாம் விளங்கும் என்பது அவர்தம் துணிபு. அவர்களால் அவ்விடத்தில் வைக்கப்பட்டவர் ஆடம் வைஸ்ஹாப்ட்.

அவர் 1748-இல் பவேரியா நாட்டின் இங்கோல்ஸ்டாட் நகரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். ஏசு சபையார் பள்ளியில் பயின்றார். 1773-இல் போப்பாண்டவர் அச்சபையைக் கலைத்தார். அதுவரை அச்சபையாருக்கே உரியதாயிருந்த திருச்சபைச் சட்டப் பேராசிரியர் பதவி இவருக்குக் கிட்டியது. ஆயினும் பல்கலைக்கழகத்தில் பழமைவாதிகளின் பிடி தளரவில்லை. பகுத்தறிவு நூல்களைப் படிப்பதே அங்கு ஐயத்துக்குரிய செயலாயிருந்தது.

எனவே 1776 மே முதல் நாள், மாணவர் சிலரோடு இரகசியக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். ஒளி பெற்றோர் எனப் பொருள்படும் இல்லுமினாட்டி என்பதே அது. மூடநம்பிக்கையை ஒழித்து அறிவையும் ஒழுக்கத்தையும் வளர்ப்பது அதன் நோக்கம். உறுப்பினர்க்குப் புனைபெயர்கள் உண்டு. வைஸ்ஹாப்டின் பெயர் ஸ்பார்ட்டகஸ். ஞானத் தெய்வமான மினர்வாவின் ஆந்தை அவர்கள் சின்னம்.

இங்கேதான் அவர் பிழை செய்தார். ஏசு சபையாரை வெறுத்த அவர், அவர்களுடைய கட்டுப்பாட்டையே தம் கழகத்துக்கு மாதிரியாக்கினார். உறுப்பினர் ஒருவரையொருவர் கண்காணித்து மேலிடத்துக்கு எழுதியனுப்ப வேண்டும். விடுதலைக்கெனத் தோன்றிய கழகம் ஒற்றர் கூடம்போல் ஆயிற்று. 1780-இல் சேர்ந்து கழகத்தை விரைவாக வளர்த்த பிரபு க்னிகே, அவரோடு பிணங்கி 1784-இல் விலகினார்.

அதே ஆண்டு பவேரிய மன்னர் கார்ல் தியோடர் இரகசியச் சங்கங்களைத் தடைசெய்தார். 1785-இல் பதவியிழந்த வைஸ்ஹாப்ட் நாட்டைவிட்டு வெளியேறினார். அரசு கைப்பற்றிய கழகக் கடிதங்கள் 1787-இல் அச்சேறின. கழகம் ஏறத்தாழ பத்தாண்டுகளில் முடிந்துபோயிற்று.

கதையோ அப்போதுதான் தொடங்கியது! 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பஞ்சம், கடன், வரிச்சுமை எனக் காரணங்கள் பல இருந்தும், ஒற்றைக் காரணம் தேடினர் சிலர். 1797-இல் பாதிரியார் பருயேலும், எடின்பரோப் பேராசிரியர் ராபிசனும் தனித்தனியே நூல் வெளியிட்டு, புரட்சியின் பின்னணியில் இல்லுமினாட்டியை வைத்தனர். அச்சம் அட்லாண்டிக்கையும் கடந்தது.

பின்னாளில் அமெரிக்க ஒரு டாலர் தாளிலும் அவர் கை இருப்பதாகச் சொன்னார்கள். அதிலுள்ள பிரமிடின் அடியில் 1776 என்ற ஆண்டு ரோம எண்களில் இருக்கிறதே என்பது சான்று. அது அமெரிக்கா விடுதலையை அறிவித்த ஆண்டு! முத்திரை 1782-இல் ஏற்கப்பட்டது. பிரமிடு தாளில் இடம்பெற்றதோ 1935-இல். மேலே ஒளிரும் கண் இல்லுமினாட்டியின் சின்னமுமன்று.

இத்தனைக்கும் வைஸ்ஹாப்ட் எங்கிருந்தார்? கோத்தா நகரில், கோமகன் இரண்டாம் எர்ன்ஸ்ட் தந்த ஆதரவில், தம் கழகத்துக்காக வாதாடியும் தத்துவ நூல்கள் எழுதியும் வாழ்ந்திருந்தார். உலகையே ஆட்டுவிப்பவராகச் சொல்லப்பட்ட அவரால் இழந்த பேராசிரியர் பதவியைக்கூட மீட்க முடியவில்லை. 1830-இல் அங்கேயே காலமானார்.

கட்டடக் கலை நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. வளைவை உச்சிக்கல் மட்டும் தாங்குவதில்லை. எந்தக் கல்லை உருவினாலும் அது சரியும். மேலும், பக்கக் கற்கள் ஏறிய பின்னரே உச்சிக்கல் வைக்கப்படும். சதி தேடுவோரோ முதலில் உச்சிக்கல்லை அந்தரத்தில் வைத்துவிட்டு, பிறகு பக்கக் கற்களைத் தேடுகின்றனர்.

மாணவ நண்பர்களே! வைஸ்ஹாப்டின் வாழ்வு தரும் பாடங்கள் இரண்டு. நல்ல நோக்கமும் இருளில் ஒளிந்தால் ஐயத்தையே விளைக்கும். எல்லாவற்றையும் விளக்கும் ஒற்றைக் காரணத்தை எவரேனும் நீட்டினால், பக்கக் கற்கள் எங்கே என்று கேட்போமாக!