ஆற்றங்கரையில் ஓர் ஆய்வுக்கூடம்

ஆய்வுக்கூடம் என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பவை கண்ணாடிக் குழாய்களும், பளபளக்கும் கருவிகளும், அவற்றை வாங்குவதற்கான பெரும்பணமுமே. கருவி வரவில்லை, ஆகையால் வேலை நடக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் எம்.எஸ்ஸி. வகுப்பில் பௌதிகம் பயிலும் எங்களிடையே நன்றாக வேரூன்றியிருக்கிறது. அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் நான் ஒரு மனிதரை நினைத்துக்கொள்வேன். அவர் பெயர் ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ். தூண்டில் பிடிப்போர் உலகில் அவர் பெயர் பெரிய பெயர். விஞ்ஞானம் பயிலும் நம்மவரில் அவரை அறிந்தவர்கள் மிகச் சிலரே. அவர் அமைத்த ஆய்வுக்கூடம் ஆற்றங்கரையில் நின்ற ஒரு சிறு குடில், அவ்வளவுதான்!

ரொனால்ட்ஸ் 1802-ஆம் ஆண்டில் லண்டன் வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவருடைய தமையனார் பிரான்சிஸ் ரொனால்ட்ஸ், 1816-ஆம் ஆண்டிலேயே வீட்டுத் தோட்டத்தில் எட்டு மைல் நீளக் கம்பியை வளைத்து வளைத்துக் கட்டி, மின்சாரத்தால் செய்தி அனுப்பிக் காட்டியவர். அது தேவையே இல்லை என்று கடற்படை அலுவலகம் தள்ளிவிட்டது. தமையனார் மின்சாரத்தின் பின்னால் சென்றார்; தம்பியோ மீனின் பின்னால் சென்றார். லண்டனை விட்டு ஸ்டாஃபோர்ட்ஷயர் நாட்டுப்புறத்தில் குடியேறினார். அங்கே ஓடும் பிளைத் என்னும் ஆற்றில் டிரௌட் மீன்கள் வாழ்ந்தன.

நம் ஊர்க் குளத்தங்கரையில் மண்புழுவைக் கோத்துத் தூண்டில் போடுவார்கள். டிரௌட் பிடிப்போரின் முறை வேறு. முள்ளின்மேல் பட்டுநூலையும் இறகையும் மயிரையும் சுற்றி, பூச்சியைப் போலவே ஒரு பொய்ப்பூச்சியைக் கட்டி நீர்மேல் வீசுவார்கள். அதை மெய்யென்று நம்பி மீன் எழுந்து கவ்வும். எந்த மாதத்தில் எந்தப் பூச்சியைக் கட்டுவது என்பதெல்லாம் அந்நாளில் பெரும்பாலும் வாய்வழி வந்த வழக்கமாகவே இருந்தது. ஒரே பூச்சிக்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர். ஒரே பெயர் இரண்டு மூன்று பூச்சிகளுக்கு! முன்னோர் சொன்னது போதும் என்று மற்றவர்கள் இருந்தார்கள். ரொனால்ட்ஸ் மீனையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

அதற்காகத்தான் அந்தக் குடில். நீரின் விளிம்பில் அதைக் கட்டி, மீனுக்குத் தாம் தெரியாதவாறு உள்ளே அமர்ந்து, சாளரத்தின் வழியே மணிக்கணக்காக மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீனுக்குக் காது கேட்குமா என்பது ஒரு கேள்வி. நண்பர் ஒருவரைப் புதர் மறைவில் நிறுத்தித் துப்பாக்கி வெடிக்கச் செய்தார். மீன்கள் அசையவில்லை! காற்றில் எழும் ஓசை அவற்றைக் கலைப்பதில்லை என்று கண்டார். ஆனால் கரையில் ஒரு கை அசைந்தால் போதும், மீன்கள் சிதறி ஓடின. மீனுக்குச் சுவை தெரியுமா என்பது அடுத்த கேள்வி. செத்த வீட்டு ஈக்களை ஒரு தகரக் குழாயில் இட்டு நீர்மேல் ஊதினார். சிலவற்றில் தேன் தடவினார். சிலவற்றில் மிளகாய்ப் பொடியும் கடுகும் தடவினார். காரமான ஈக்களையும் மீன்கள் விழுங்கின. இதைப் படித்தபோது டிரௌட் மீன் நம் இனம் போலும் என்று எண்ணிச் சிரித்தேன்.

என் மனத்தை மிகவும் கவர்ந்தது அவர் ஒளி விலகலைக் கையாண்ட முறை. கரையில் இருப்பவற்றிலிருந்து வரும் ஒளி, நீருக்குள் நுழையும்போது வளைகிறது. ஆகவே வெளியுலகம் முழுவதும், ஏறக்குறைய 97 பாகை விரிந்த ஒரு கூம்புக்குள் சுருங்கி, தலைக்கு மேலே வட்டமான ஒரு சாளரமாக மீனுக்குத் தெரிகிறது. அந்தச் சாளரத்தின் விளிம்பில் பொருள்கள் நசுங்கி மங்கிவிடும். கரையோரம் குனிந்து நிற்பவனை மீன் காணாததற்குக் காரணம் அதுவே. பரீட்சைக்காக நாம் மனப்பாடம் செய்யும் விதியை அவர் ஆற்றங்கரையில் படம் வரைந்து விளக்கினார்.

இந்த உழைப்பின் பயனாக 1836-ஆம் ஆண்டில் மீன் பிடிப்போருக்கான பூச்சியியல் நூலொன்றை வெளியிட்டார். நாற்பத்தேழு பூச்சிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் பொய்வடிவம். படங்களைத் தாமே வரைந்து, செம்புத் தகட்டில் தாமே செதுக்கினார். அச்சான படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. நீரில் பிறக்கும் பூச்சிகளோடு அவர் நின்றுவிடவில்லை. காற்று வீசும் நாளில் மாட்டுச் சாணத்திலிருந்து அடித்துவரப்படும் மஞ்சள் ஈ, கருவாலி மரத்து ஈ, வேலிப்புதரின் கறுப்பு ஈ, இலையில் வாழும் சிறு வண்டு, கோடையில் சிறகு முளைத்துப் பறக்கும் சிவப்பு எறும்பு எனத் தரையில் பிறந்து தவறி நீரில் விழும் உயிர்களுக்கும் அவர் இடம் தந்தார். சிவப்பு எறும்பைக் கட்டும் முறையைக் கேளுங்கள்: உடலுக்கு மயில்தோகையின் ஓர் இழை; அதைக் கட்டச் செம்பழுப்புப் பட்டுநூல்; சிறகுக்கு, நம் மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவையின் இறகு; கால்களுக்குச் சிவப்புச் சேவலின் கழுத்து இறகைச் சுற்ற வேண்டும். எறும்பு ஒன்றுக்கு இத்தனை மரியாதை!

ஒவ்வொரு பூச்சிக்கும் ஊரார் வழங்கிய பெயரையும், விஞ்ஞானிகள் வழங்கிய லத்தீன் பெயரையும் அருகருகே எழுதினார். உழவனும் பேராசிரியரும் ஒரே பூச்சியைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அறிந்துகொள்ள அது வழி செய்தது.

1847-ஆம் ஆண்டில் அவருடைய மனைவி இறந்தார். மறு ஆண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். ஜீலாங் நகரில் செதுக்குத் தொழில் அவருக்குக் கைகொடுத்தது. பிறகு தங்கம் கிடைத்த பாலராட்டுக்குச் சென்றார். 1860-ஆம் ஆண்டில் அங்கேயே கண்மூடினார். டிரௌட் மீனை அவர் அளவுக்கு உற்றுநோக்கியவர்கள் அக்காலத்தில் அரியர். அந்த மனிதர் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளை டிரௌட் மீனே இல்லாத கண்டத்தில் கழித்தார்! பனிக்கட்டியில் பொதிந்த டிரௌட் முட்டைகள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து டாஸ்மேனியாவில் பொரித்தது 1864-ஆம் ஆண்டில். நான்கே ஆண்டுகள் பிந்திவிட்டன.

ஆயினும் நூல் நிற்கவில்லை. அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னும், 1913-ஆம் ஆண்டில் புதுப்பதிப்பு வந்தது. மீனும் நிற்கவில்லை. நம் நீலகிரியில் அவலாஞ்சியிலேயே 1907-ஆம் ஆண்டில் டிரௌட் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது.

அன்பர்களே! தந்தையாரின் வேலையை ஒட்டி ஊர் ஊராக வளர்ந்தவன் நான். பூச்சிகளுக்குப் பாட்டி சொன்ன பெயர்களில் பத்துக்கூட என் நினைவில் இல்லை; லத்தீன் பெயர்களோ புத்தகத்தில் இருக்கின்றன. இரண்டையும் அருகருகே எழுதிவைக்க எந்தக் கருவியும் தேவையில்லை. முதல் மழை பெய்த இரவில் நம் விடுதி விளக்கடியில் ஈசல் வந்து குவியும். அதனோடு வேறு எத்தனையோ உயிர்களும் வரும். அவற்றை உற்றுப் பார்த்து, அவரவர் ஊர்ப் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதுவோமா? நெல்லைக்காரர் ஒரு பெயர் சொல்லட்டும். கோவைக்காரர் வேறொன்று சொல்லட்டும். விலங்கியல் மாணவர்கள் லத்தீன் பெயரைத் தேடித் தரட்டும். குறிப்பேட்டை நான் வாங்கி வைத்திருக்கிறேன்.